புல்வெளி ஒன்றைப் பதிப்பித்த பல்கலைக்கழகம்

ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழிவதைக் கண்டு மனம் பதைத்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார்கள். ஊரூராகத் தேடிப் பிரதிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, சிதைந்த இடங்களில் பொருள் தேடி அவர்கள் பட்ட பாட்டைத் தமிழ் கற்போர் யாவரும் அறிவர். அவ்வுழைப்பு இல்லையேல் அந்நூலின் பெயர் மாத்திரமே நமக்கு எஞ்சியிருத்தல் கூடும்.

நூலுக்கு நேர்வது நிலத்துக்கும் நேரும். ஒரு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூடி வாழ்ந்த புல்லும் பூண்டும் பூவும் வண்டும் ஒரு தலைமுறைக் காலத்திலேயே அழிந்துவிடுவதுண்டு. அழிந்தபின், வேலியோரத்திலும் சுடுகாட்டு மூலையிலும் சில செடிகள், கிழிந்த ஏட்டின் துண்டுகளைப் போலக் கிடக்கும். அத்துண்டுகளைச் சேர்த்து அந்நிலத்தை மீண்டும் பதிப்பிக்க இயலுமா? இவ்வினாவை எழுப்பியதோடு நில்லாது, தன் சொந்த நிலத்திலேயே விடை காண முற்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தின் கதையை இங்கே சொல்ல விரும்புகின்றேன். அது ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், மடிசன் நகரில் உள்ளது.

உழுபடைக்கு முன்

நம் மாணவர் பூமிசாத்திர நூல்களிற் படிக்கும் பிரேரிப் புல்வெளி, வட அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் ஒரு காலத்திற் பரந்து கிடந்தது. புல்வெளி என்றதும் ஆடு மேயும் குறும்புல் தரை நம் நினைவுக்கு வரும். மழை மிகுந்த கிழக்குப் பகுதியின் பிரேரி அத்தகையதன்று. அங்கே கோடை முடிவில் புல் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். புல்லினிடையே நூற்றுக்கணக்கான வகைப் பூஞ்செடிகள், வசந்தம் தொடங்கிப் பனிக்காலம் வரும்வரை, ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்துக்கொண்டேயிருக்கும். மண்ணுக்கு மேலே காண்பதைவிட மண்ணுக்குக் கீழே உள்ளதே அதிகம். திசைகாட்டிச் செடி என்றொரு மஞ்சட்பூச் செடி உண்டு. அதன் இலைகள் தம் முகங்களைக் கிழக்கும் மேற்கும் நோக்கித் திருப்பி, விளிம்புகளை வடக்குத் தெற்காக நிறுத்திக்கொள்ளும். பெயருக்குக் காரணம் அதுவே. அதன் வேர் பத்து அடிக்கு மேலும் ஆழமாகச் செல்ல வல்லது.

இவ்வேர்களே அந்நிலத்தைக் கருமையும் வளமும் உடையதாக்கின. அவ்வளமே அதற்குக் கூற்றாகவும் அமைந்தது. 1837 இல் ஜோன் டியர் என்னும் கொல்லர் இலினோய் மாநிலத்தில் உருக்குக் கலப்பை ஒன்றைச் செய்தார். வேர் பின்னிய பிரேரி மண் மரக்கலப்பைக்கும் இரும்புக் கலப்பைக்கும் எளிதில் இடங்கொடாதிருந்தது, உருக்குக்கு இடங்கொடுத்தது. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அவ்வெளிகள் சோளமும் கோதுமையும் விளையும் வயல்களாயின. விஸ்கொன்சினில் இருந்த பிரேரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. புகையிரதப் பாதையோரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் மாத்திரம், கலப்பை செல்லாத காரணத்தால், சிறு சிறு துண்டுகள் தப்பின.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். அந்நிலம் மனிதர் கை படாத கன்னி நிலம் என்று எண்ணுவது பிழை. மடிசன் நகரம் அமைந்துள்ள இடம் ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்களின் தாயகம். நான்கு ஏரிகளின் நாடு என்று பொருள்படத் தேஜோப் என்று அவர்கள் அதனை அழைத்தனர். 1832 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் அந்நிலம் அவர்களிடமிருந்து பறிபோயிற்று. அவர்களின் முன்னோர் எழுப்பிய மண்மேடுகள் பல்கலைக்கழக நிலத்தில் இன்றும் உள்ளன. அவ்வெளிகளுக்குக் காலந்தோறும் தீயிட்டு, மரங்கள் அடர்ந்து காடாகிவிடாமற் காத்தவர்களும் அப்பகுதிகளின் பழங்குடியினரே. இத்தீயைப் பற்றிப் பின்னும் சொல்லவேண்டியிருக்கிறது.

குதிரை மேய்ந்த தரையில்

1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் விங்க்ரா என்னும் ஏரியின் கரையில் நிலம் வாங்கலாயிற்று. மரங்களைச் சேர்த்து வளர்க்கும் தோட்டம் ஒன்று அமைப்பதே நோக்கம். ஆங்கிலத்தில் இதனை ஆர்பொரீட்டம் என்பர். நாம் மரவனம் எனலாம். அக்காலத்து மரவனங்களில் உலகின் பல திசைகளிலிருந்தும் கொணர்ந்த மரங்களை வரிசை வரிசையாக நட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவதே வழக்கம்.

1934 ஆம் ஆண்டு ஆனி மாதம் 17 ஆந் தேதி நடந்த தொடக்கவிழாவில், வனவிலங்குப் பராமரிப்புத் துறைப் பேராசிரியராக முந்திய ஆண்டில் நியமனம் பெற்றிருந்த அல்டோ லியோபோல்ட் வேறொரு கருத்தை முன்வைத்தார். தொலைநாட்டு மரங்களைக் காட்சிக்கு வைப்பதை அவர் பெரிதாகக் கருதவில்லை. வெள்ளையர் வந்து குடியேறிய காலத்தில் இம்மாவட்டம் எவ்வாறிருந்ததோ, அதன் மாதிரி ஒன்றை இங்கே திரும்ப உண்டாக்குதல் வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம். நிலம் எங்ஙனம் சீரழிந்தது என்பதை அறிவதற்கு, சீரோடு இருந்த நிலம் ஒன்று கண்ணெதிரே இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். தாவரவியற் பேராசிரியர் நோர்மன் பசெற் பிரேரியை மீட்கும் எண்ணத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர்.

ஆயின் கையில் இருந்த நிலம் எத்தகையது? பலகாலம் உழுது பயிரிட்டு, பின்பு குதிரை மேய்ச்சலுக்கு விடப்பட்ட தரை. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய நீலப்புல் என்னும் மேய்ச்சற்புல் அதனைப் பாய் விரித்தாற்போல மூடியிருந்தது. வேலி போட்டு அப்படியே விட்டுவிட்டாற் பழைய பிரேரி தானே திரும்பி வருமோ எனில், வராது. மண்ணிற் பழைய வித்துக்கள் இல்லை. அயலிலிருந்து காற்றுக் கொண்டுவருவதற்கும் அயலிலே எதுவும் இல்லை. ஏடு அழிந்துபோன நூல், அலுமாரியைப் பூட்டி வைப்பதனால் மீண்டும் வந்துவிடுமா?

ஆகவே துண்டு துண்டாக எஞ்சியிருந்த இடங்களைத் தேடிச் செல்லலாயினர். வித்துச் சேர்த்தனர்; செடிகளை வேரும் மண்ணுமாகக் கட்டி கட்டியாகப் பெயர்த்து எடுத்து வந்தனர். இதற்கு ஆட்பலம் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. அமெரிக்கா கடும் பொருளாதார மந்தத்தில் வாடிய காலம் அது. வேலையற்ற இளைஞர்க்கெனச் சனாதிபதி ரூஸ்வெல்ட் 1933 இல் இயற்கைவளப் பாதுகாப்புப் படை ஒன்றை அமைத்தார். மாதம் 30 டொலர் சம்பளம். அதிற் பெரும்பகுதி வீட்டாருக்கு அனுப்பப்படும். அப்படையின் முகாம் ஒன்று 1935 முதல் 1941 வரை இம்மரவனத்தில் இருந்தது. புல்லைப் பற்றி ஏதும் கற்றிராத அவ்விளைஞரே மண்வெட்டி பிடித்தனர். தியடோர் ஸ்பெரி என்னும் தாவரவியலறிஞர் 1936 முதல் அவர்களை மேற்பார்த்து நடத்தினார். நாற்பதளவான செடிவகைகள் நடப்பட்டன. அவ்வாண்டிலேயே கொடிய வரட்சி வந்தது. ஆயினும் பணி நிற்கவில்லை.

தீ தந்த விடை

நட்டவை பல பிழைத்தன. பகைவனோ போகவில்லை. நீலப்புல் வசந்தம் பிறக்குமுன்பே தளிர்த்துவிடும். பிரேரிச் செடிகளோ மண் நன்கு சூடேறிய பின்னரே தலைதூக்கும். முந்தி எழுந்தது பிந்தி எழுவதை அமுக்கியது. களை பிடுங்கிச் சமாளிக்க நிலம் சிறிதன்று. ஏறத்தாழ எழுபது ஏக்கர்.

ஜோன் கேர்ட்டிஸ் என்னும் இளம் தாவரவியலாளரும் மக்ஸ் பார்ச் என்னும் அவரது மாணவரும் சிறு பாத்திகளைப் பிரித்து, சிலவற்றைக் காலம் மாற்றி மாற்றி எரித்தும், சிலவற்றை எரியாது விட்டும் பரிசோதனை செய்தனர். முடிவை 1948 இல் வெளியிட்டனர். வசந்தத்தின் தொடக்கத்தில் இட்ட தீ, பச்சை விட்டு நின்ற நீலப்புல்லைத் தாக்கியது. பிரேரிச் செடிகளின் முளைகளோ அப்போது மண்ணுக்குள்ளே பத்திரமாக இருந்தன. மேலே படிந்திருந்த சருகுகள் எரிந்துபோகவே, கரிய மண் வெயிலில் விரைவாகச் சூடேறிற்று. முளைகள் ஊக்கத்தோடு எழுந்தன, பூவும் மிகுந்தது.

தீயை அழிவின் வடிவமாக மாத்திரமே கண்டு பழகிய அக்காலத்தவர்க்கு இது வியப்பாயிற்று. பழங்குடியினர் கைப்பழக்கமாக அறிந்திருந்ததைப் பல்கலைக்கழகம் பாத்தி கட்டி, அளந்து, எழுதி அறிந்துகொண்டது. இன்று பிரேரியை மீட்க முயல்வோர் எங்கும் கையாளும் முதன்மையான கருவி தீயே.

விதியின் செயல் விசித்திரமானது. அதே 1948 ஆம் ஆண்டு சித்திரை 21 ஆந் தேதி, அயலவர் ஒருவரின் நிலத்திற் பற்றிய புற்றீயை அணைக்கச் சென்ற லியோபோல்ட், மாரடைப்பால் அங்கேயே உயிர் நீத்தார். நிலத்தையும் மனிதனையும் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைத் தொகுதி, மறு ஆண்டில், அவர் காணாமலே வெளிவந்தது. கல்லறைத் தோட்ட மூலையொன்றில் எஞ்சி நின்ற ஒரு திசைகாட்டிச் செடியின் முடிவும் அதில் எழுதப்பட்டுள்ளது. கேர்ட்டிசும் நீண்டநாள் வாழ்ந்தாரல்லர். விஸ்கொன்சினின் தாவர சமுதாயங்கள் அனைத்தையும் ஆராய்ந்து 1959 இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, 1961 இல், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில் மறைந்தார். அப்புல்வெளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மீளமைக்கப்பட்ட பிரேரிகளுள் உலகிலேயே மிகப் பழையது அதுவே எனக் கருதப்படுகிறது.

முடியாத பதிப்பு

ஆவணி மாதக் கடைசியில் ஒருநாள் நான் அங்கே சென்றிருந்தேன். நடைபாதையின் இருமருங்கும் புல் என் தலைக்கு மேல் நின்றது. பெரு நீலத்தண்டு என்னும் புல்லின் கதிர் மூன்றாகப் பிரிந்து, வான்கோழியின் பாதத்தை ஒத்திருந்தது. மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். அவற்றின்மேல் ஓயாத வண்டினம். சற்று நின்று செவிகொடுத்தபோதுதான் இன்னோர் இரைச்சலும் கேட்டது. மரவனத்தை ஊடறுத்து நெடுஞ்சாலை ஒன்று செல்கின்றது. வாகனங்களின் ஒலி அவ்வெளியில் என்னை விட்டு நீங்கவேயில்லை.

அந்த ஒலி ஓர் உண்மையைச் சொல்லிற்று. சுற்றிலும் வளர்ந்த நகரத்தின் கூரைகளிலும் தெருக்களிலும் விழும் மழைநீர் மரவனத்துட் புகுகின்றது. அந்நீர் சேறும் உரச்சத்தும் கொண்டுவர, அவற்றை உண்டு நெடும்புல் வகையொன்று தழைத்து, ஏனையவற்றை மூடுகின்றது. மரவனத்தின் தென்பகுதியில், ஹென்றி கிறீன் என்னும் அறிஞர் 1940 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகளாக, கிட்டத்தட்டத் தனியொருவராகவே, இன்னொரு பிரேரியை நட்டு வளர்த்தார். எந்தச் செடிக்கு எவ்வளவு ஈரம் ஏற்றது என்று பார்த்துப் பார்த்து இடம் தெரிந்து நட்டவர் அவர். நிறைவுக்கு மிக அண்மையில் வந்தது என்று போற்றப்பட்ட அவ்வெளியின் தாழ்ந்த பகுதியை, பிற்காலத்தில் வெள்ளநீரோடு வந்த அந்நெடும்புல் விழுங்கலாயிற்று. லியோபோல்டின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை 1998 இல் ஏற்ற ஜோய் செட்லர் அம்மையாரும் அவர் மாணவரும் இதனை ஆராய்ந்தனர்.

கேர்ட்டிஸ் பிரேரியில் எச்செடி எங்குள்ளது என்பதை 1951 ஆம் ஆண்டு முதல், கிறான்ட் கொட்டம் என்னும் பேராசிரியர் தொடங்கிவைத்த முறைப்படி, சில ஆண்டுகளுக்கொரு முறை கணக்கெடுத்து வந்துள்ளனர். எது பரவிற்று, எது ஒடுங்கிற்று, எது நட்ட இடத்தை விட்டு வேறிடம் பெயர்ந்தது என்பதெல்லாம் அக்கணக்கிற் காணலாம். ஆசிரியர் மறைய மாணவரும், அவர் மறைய அவர்தம் மாணவரும் ஒரே வயலை அளந்து வருகின்றனர். இவ்வனுபவத்தின் வழியே ஒரு புதிய கல்வித்துறையும் பிறந்தது. 1981 இல் நிலங்களை மீட்கும் பணிக்கெனவே ஒரு சஞ்சிகை அம்மரவனத்திலிருந்து வெளிவரத் தொடங்கிற்று.

இவ்விடத்தில் நான் தொடக்கத்திற் கூறிய உவமை ஓரளவில் நின்றுவிடுகின்றது. நூலை ஒருமுறை செவ்வனே பதிப்பித்துவிட்டால், அதன் பின் அது அலுமாரியில் நிலைத்திருக்கும். நிலம் அவ்வாறன்று. அதனை ஆண்டுதோறும் பதிப்பித்துக்கொண்டேயிருத்தல் வேண்டும். ஒரு பத்தாண்டு கை சோர்ந்தால் மரம் முளைக்கும், களை மூடும், வெள்ளம் அரிக்கும். எனவேதான் இப்பணி பல்கலைக்கழகத்துக்கு உரியது என்பேன். தனிமனிதனின் ஆர்வம் அவனோடு முடிந்துவிடும். அரசின் திட்டம் ஐந்தாண்டில் மாறும். ஆசிரியன் பின் மாணவனாக அறுபது எழுபது ஆண்டு ஒரே பொருளைக் கைவிடாது பேணுவதற்கென்று மனிதன் அமைத்த நிறுவனம் பல்கலைக்கழகமே.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற பயன் யாது என்று கேட்போர் உளர். எழுபது ஏக்கர் புல்லால் யாருக்குப் பசி தீரும் என்பது அவர்தம் வினா. நியாயமான வினாவே. பசி தீர்க்கும் சோளவயல்களின் கருமண் எதனால் உண்டாயிற்று என்பதை அறிய விரும்பும் ஒருவன், அம்மண்ணை உண்டாக்கிய செடிகளை எங்கே சென்று காண்பான்? இன்னும் ஒன்று. செடி அழிந்தபின் அதன் பெயர் அகராதியில் வெறுஞ்சொல்லாக மாறிவிடும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களை வகுப்பிற் படிப்பிக்கும் ஆசிரியர்க்கு இத்துயரம் புதிதன்று. பெயரைச் சொல்கின்றோம், மாணவன் பூவைக் காட்டு என்றால் விழிக்கின்றோம்.

அந்தானைச் சாரலில்

மடிசனைப் பற்றி எழுதுகையில் பேராதனை என் மனத்தை விட்டு அகலவில்லை. 1942 இல் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன் பின்னே அந்தானை மலை எழுந்து நிற்கின்றது. அம்மலைச்சாரலின் பழங்காடு கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. தேயிலை கைவிடப்பட்ட சாரல்களில் மானாப் புல் ஏறிற்று. சில இடங்களில் மத்திய அமெரிக்க நாடுகளின் பைன் மரத்தை வரிசையாக நட்டனர். மாணவர்க்கு அப்பைன் நிழல் இனியதாயிருக்கலாம். ஆயின் அதன் சருகு வரட்சிக் காலத்தில் எளிதிற் தீப்பற்றும். 2010 இல் அந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

மடிசனில் தீ மருந்து எனில் அந்தானையிலும் தீயிடலாமோ என்று எவரும் எண்ணற்க. இங்கே தீயே நோய். ஆண்டுதோறும் மூளும் தீ, மானாப் புல்லினிடையே முளைக்கும் காட்டுமரக் கன்றுகளைக் கொன்றுவிடுகின்றது. மடிசனிடம் நாம் கடன் வாங்கவேண்டியது அவர்களின் மருந்தையன்று. நோயாளியின் நாடி பிடித்துப் பார்த்த முறையை. எந்நிலத்துக்கு எது ஏற்றது என்பதை அந்நிலத்திலேயே பாத்தி கட்டிப் பார்த்தறிதல் வேண்டும்.

அவ்வாறு பார்த்தறிந்தவர்கள் பேராதனையிலும் உளர். பேராசிரியர்கள் சவித்திரி குணதிலக்க, நிமால் குணதிலக்க ஆகிய இருவரும், பிறநாட்டு அறிஞரோடு சேர்ந்து, சிங்கராஜ வனத்தின் ஓரத்தே இருந்த பைன் தோட்டத்தில் 1990 ஆம் ஆண்டுகளில் ஒரு பரிசோதனை நடத்தினர். பைன் மரங்களை முற்றாக அழிக்காமல், சில வரிசைகளை மாத்திரம் நீக்கி, அந்த இடைவெளியில் நாக மரம், ஹொர முதலிய சுதேச மரங்களின் கன்றுகளை நட்டனர். வெட்டவெளியில் வாடிப்போகும் கன்றுகள், பைனின் நிழல் ஒருபுறமும் வெளிச்சம் ஒருபுறமுமாகக் கிடைத்த அவ்விடைவெளியில் நன்கு வளர்ந்தன. மூன்று வரிசைகளை நீக்கிய இடமே மிக ஏற்றதாயிற்று. அந்நியமாக வந்த மரமே பிறந்த மண்ணின் மரத்துக்குச் செவிலித்தாயாகலாம் என்பதை 1997 இல் வெளியிட்ட ஆய்வில் உலகுக்குக் காட்டினர். மடிசனின் தீக்கு இணையான கண்டுபிடிப்பு என்று இதனைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் யாவும் ஏதோ ஒரு நிலத்தின்மேல் நிற்கின்றன. கட்டடம் எழுமுன் அங்கே நின்றவை யாவை என்ற வினா, வரலாற்று வினாவுமாகும், தாவரவியல் வினாவுமாகும். ஊரிலுள்ள முதியோரைக் கேட்டும், கோயிற் காணிகளிலும் வேலிக் கரைகளிலும் எஞ்சியவற்றைப் பார்த்தும், மாணவர் ஒரு பட்டியலைத் தயாரிக்கலாம். அப்பட்டியலே முதற் பிரதி. அதன் பின் ஒரு கால் ஏக்கரேனும் ஒதுக்கி நடலாம். நடுவது எளிது, நட்டதை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எண்ணிப் பார்த்து எழுதி வைப்பதே கடினம். எழுதிய கொப்பியை இந்த ஆண்டு மாணவர் அடுத்த ஆண்டு மாணவரிடம் கையளித்துச் செல்வார்களாயின், அக்கால் ஏக்கரிலும் ஒரு பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது என்றே கொள்ளலாம்.